தபால் கப்பலும் பைலட் மாமாவும்

என் மாமா விமானம் ஓட்டுகிறார் என்று நான் நம்பியதில் என் தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் அவரைப் பைலட் என்றுதான் சொன்னார்கள். என்ன பைலட் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

அப்போது நாங்கள் கன்னடம் பேசும் ஒரு பெரிய ஊரில், ஈஜிபுரா என்ற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்த காலம். இறங்க வரும் விமானங்கள் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டிகளை உரசிவிடுவது போலத் தாழ்ந்து போகும். அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்குவாள். நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் இரண்டு கைகளையும் வீசுவேன். ஏதோ ஒன்றில் மாமா உட்கார்ந்திருப்பார், கீழே பார்த்துக்கொண்டு போவார் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. இவ்வளவு பக்கத்தில் வந்தும் ஒருநாள்கூட வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகவில்லையே என்பது மட்டும்தான் குறை.

மாமா அம்மாவின் தம்பி. கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊரில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்ப்போம். எல்லோரையும் போலப் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார். விமானம் ஓட்டும் ஒருவர் இவ்வளவு எளிமையாக இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். வகுப்பில் அந்தப் பெருமையை ஒருவர் விடாமல் பகிர்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வெள்ளைக்காரர் காலம் என்று ஒரு தலைப்புக் கொடுத்து, வகுப்புக்கு ஒரு பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். பக்கத்துப் பிரிவுக்கு ராஜாக்களும் கோட்டையும் வாளும் கிடைத்தன. எங்களுக்குக் கிடைத்தது பழைய மாகாணத்தின் தபால் கட்டணங்களும் துறைமுகத்து விதிகளும். வகுப்பே முனகியது. வாள் எங்கே, தபால்தலை எங்கே. அதுவும் கடலே இல்லாத ஊரில் துறைமுகம்.

எங்கள் சமூக அறிவியல் மிஸ் மட்டும் சோர்ந்துபோகவில்லை. நூலகத்திலிருந்து ஒரு தடித்த பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கார்டுக்கு எவ்வளவு, கவருக்கு எவ்வளவு, எடை கூடினால் எவ்வளவு கூடும் என்றெல்லாம் அதில் இருந்தது. கடல் தாண்டி வரும் தபால் கப்பலில்தான் வரும், கப்பல் துறைமுகத்துக்குள் தானாக நுழையக் கூடாது, பைலட் ஒருவர் ஏறி வழி சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. இதையே நாடகமாகப் போடலாம் என்றார் மிஸ். சீமையிலிருந்து தபால் கப்பல் வந்து துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. கரையில் தபாலுக்காக ஊரே காத்திருக்கிறது. பைலட் படகில் போய் ஏறினால்தான் கப்பல் உள்ளே வரும்.

நான் எழுந்து நின்றேன். தப்பு நடக்கும்போது பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

"மிஸ், பைலட் கப்பல்ல ஏற மாட்டாரு. பிளேன்லதான் ஏறுவாரு. என் மாமா பைலட்."

"ஹௌதா, அப்படியா? எந்த ஏர்போர்ட்ல இருக்காரு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே துறைமுகத்தில் இருக்கிறார் என்றேன்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அவர் தேடிக்கொண்டிருந்த ஆளே கிடைத்துவிட்டது போல, "ஹார்பர் பைலட்! அப்போ நீதான் நம்ம பைலட்" என்று எனக்கு அந்த வேஷத்தைக் கொடுத்துவிட்டார். வகுப்பு வேறு விதமாக மலர்ந்தது. கேப்டன் வேஷம் கிடைத்திருந்த சந்தோஷ் பெஞ்சில் தாளம் போட்டு, "பிளேன் பைலட் இல்ல, போட் பைலட்" என்று பாட ஆரம்பித்தான். பள்ளிவிடும் நேரத்துக்குள் அது பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. என் தோழி ஷபானா மட்டும் பாடவில்லை. தபால் ஆபீஸ் கிளார்க் வேஷம் அவளுக்கு. வரும் வழியெல்லாம் தன் வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வந்தாள்: காலணாவுக்கு கார்டு, அரையணாவுக்கு கவர், ஸ்டாம்ப் ஒட்டாவிட்டால் வாங்குகிறவர் தலையில் இரண்டு பங்கு. நடுவில் நிறுத்தி, "உங்க மாமு போட்டாவது ஓட்டுறாருல்ல. எங்க மாமு ஒண்ணுமே ஓட்ட மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. அன்று சாயங்காலம் மாடிக்குப் போகவில்லை. தலைக்கு மேலே யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள்.

இது நடந்து சில நாட்களில் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வேலையில் அவருக்கு அடிபட்டிருந்தது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிடும் கயிற்று ஏணியில் ஏறும்போது கயிறு அறுந்து, கப்பலுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்துவிட்டார். படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி, தையல் ஆறி, ஆஸ்பத்திரிக்காரர்கள் இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் என்னைப் பொறுத்தவரை அவர் நன்றாகிவிட்ட மனிதர். ஆனால் அம்மாவும் அப்பாவும் சமையல்கட்டில் அவரைப் பற்றிக் குசுகுசுவென்று பேசினார்கள். நான் உள்ளே போனால் குழம்பைப் பற்றிப் பேசினார்கள்.

மாமா பகல் முழுவதும் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் வைக்காமல் கிரிக்கெட் பார்ப்பார். கையை மடக்கி நீட்டச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து டிவிமேலேயே கிடக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போடுவதைச் சாப்பிடுவார். நானோ அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அம்மா கொடுத்தனுப்பும் காபியை அவர் கையில் தராமல் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவேன். என்னை இப்படி வானத்திலிருந்து கீழே போட்டதற்கு அது குறைந்தபட்ச தண்டனை என்று நினைத்தேன். துயரம் என்னவென்றால் அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஒருநாள் கவனித்துவிட்டார்.

"பாப்பாவுக்கு என்மேல என்ன கோவம்?"

அவ்வளவுதான். சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. "நீங்க ஏன் மாமா பிளேன் ஓட்டல? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!"

மாமா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தி, மறுபடியும் சிரித்தார். அம்மா கையில் கரண்டியோடு சமையல்கட்டிலிருந்து வந்து, தம்பி சிரிப்பதை நம்ப முடியாதவள் போல நிலைப்படியிலேயே நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் தன் வேலையை விளக்கினார். எங்கிருந்தோ வரும் கேப்டனுக்குப் பெருங்கடல் தெரியும், எங்கள் துறைமுகத்து வாசல் தெரியாது. எங்கே மணல் மேடு, எங்கே நீரோட்டம் இழுக்கும் என்று தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். அதுதான் பைலட்.

"அப்ப ஸ்டியரிங் நீங்க பிடிப்பீங்களா?"

"இல்ல, அவங்க ஆளுதான் பிடிப்பான்."

"கேப்டன் உங்க பேச்சைக் கேட்டுத்தான் ஆகணுமா?"

"கப்பல் அவரு பொறுப்புதான் பாப்பா. நான் சொல்லுவேன், அவரு கேட்டுப்பாரு."

"அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

மாமா யோசித்தார். "பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பேன்" என்றார்.

இதைச் சந்தோஷிடம் போய் எப்படிச் சொல்வது? நாடகத்தை எப்படியாவது நல்லபடியாகச் செய்து தப்பித்தால் போதும் என்று, மிஸ் எழுதிக் கொடுத்திருந்த வசனத்தை எடுத்து வந்து மாமாவிடம் காட்டினேன். அவர் படிக்கப் படிக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதையில் கேப்டன், பைலட்டுக்குக் கட்டணம் கொடுக்க மனமில்லாமல் வேண்டாம் என்று சொல்லி, தானே கப்பலை ஓட்டி மணலில் ஏற்றிவிடுவார். கடிதமெல்லாம் நனைந்துவிடும்.

"இப்படி எந்தக் கேப்டனும் பண்ண மாட்டான்" என்றார் மாமா. "பைலட் வேணாம்னு சொன்னாலும் காசு கட்டித்தான் ஆகணும், ரூல் அப்படி. காசும் கட்டிட்டு கப்பலையும் எவனாவது முட்டவிடுவானா? உங்க மிஸ் புக்குல பாக்கச் சொல்லு."

மிஸ் புத்தகத்தில் பார்த்தார். அந்தக் காலத்து விதியும் அப்படித்தான் இருந்தது. அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், நாடகத்தின் ஒரே சண்டைக் காட்சி போய்விட்டதே என்ற கவலை ஒரு பக்கம். கடைசியில் கேப்டன் நல்லவராகி, கடல் கெட்டதாயிற்று. புயலில் நிற்கும் கப்பலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பைலட் ஏறுகிறார் என்று மாற்றிக்கொண்டோம். ஏறுவதென்றால் ஏணி வேண்டும். பள்ளியில் சுண்ணாம்பு அடிக்கும் மூங்கில் ஏணிதான் இருந்தது. அதைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மூங்கில் ஏணியா? நானே கட்டித் தரேன்" என்றார்.

அப்பா பொம்மசந்திராவில் தான் வேலைபார்த்த தொழிற்சாலையிலிருந்து, இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். கயிறுதான் பெரும்பாடாகப் போயிற்று. மாமா என்னை அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். கயிற்றை முழுவதும் பிரித்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, விரலால் தடவிக்கொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் நின்று, வேண்டாம் என்று வைத்துவிடுவார். கடைக்காரர்கள் எரிச்சலானார்கள். எனக்கு மானமே போயிற்று. ஒரு நாடகத்துக்கு இவ்வளவா என்று கேட்டேன். "நீ ஏறப்போறல்ல" என்றார்.

கடைசியில் கிடைத்த மணிலாக் கயிற்றை வைத்து ஹாலிலேயே ஏணி கட்ட உட்கார்ந்தோம். அவருடைய வலது கை அதிகம் தூக்க வராது. அந்தக் கைக்குப் பதில் நான். இழு, விடு, இன்னும் கொஞ்சம் இழு. நான் சரியாக இழுக்காதபோது தன்னையறியாமல் அந்தக் கையாலேயே எட்டி இழுத்துவிடுவார். ஷபானா தினமும் வந்து பலகையைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய அரையணா கவர் எங்கள் மூவருக்குமே மனப்பாடமாகிவிட்டது. மாமா குளியலறையில்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏணி முடிந்ததும் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா. எங்கள் வீடு கீழே, மேல்மாடியில் வீட்டுக்காரம்மா. அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருந்த இரும்புத் தூணில் மாமா ஏணியைக் கட்டித் தெருப்பக்கமாகத் தொங்கவிட்டு, படி வழியாகக் கீழே வந்தார். நான் வகுப்பில் சொல்லி வைத்திருந்ததால் ஷபானாவும் சந்தோஷும் இன்னும் சில பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை தொங்கிய அந்த ஏணி நிஜமாகவே ஏதோ ஒரு கப்பலுடையது போல இருந்தது.

"நான் ஏறறேன்" என்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

சந்தோஷ் ஏணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "இதுல யாராலும் ஏற முடியாது" என்றான்.

"என் மாமா ஏறுவாரு. மாமா, ஏறிக் காட்டுங்க."

தெருவில் எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் ஏணியைப் பார்த்தார். அம்மா சட்டென்று, "வேணாம்டா தம்பி, சின்னப் பசங்க ஏதோ சொல்லுது, உள்ள வா" என்றாள். அவள் குரல் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தினமும் செய்கிற வேலைதானே அவருக்கு.

"மாமா, ப்ளீஸ்" என்றேன்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். ஏணியின் பக்கக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து, பலமாக இழுத்துப் பார்த்தார். முதல் பலகையில் கால் வைத்தார். "அலை மேல தூக்குறப்போ கால வைக்கணும். இறங்குறப்போ வெச்சா போச்சு" என்று எங்களுக்குப் பாடம் சொல்லுவது போலச் சொன்னார். குரல்தான் கொஞ்சம் வறண்டிருந்தது. பிறகு ஏறத் தொடங்கினார். ஏணி திரும்பிச் சுவரில் இடித்தது. பாதிக்குமேல் போனதும் நின்றுவிட்டார்.

நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். நெற்றியைப் பலகைமேல் சாய்த்துக்கொண்டார். சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கடலோரக்காரர், ஏறினால் வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். சந்தோஷ் என்னைப் பார்த்தான். அம்மா போய் ஏணியின் அடியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா இருக்கேன்டா" என்றாள்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா காய்கறிப் பையோடு தெருமுனையில் திரும்பினார். தன் சுவரில் ஒரு ஆண்பிள்ளை தொங்குவதைக் கண்டார். "யார்ரீ அது! கோடெ எல்லா ஹாளாகுத்தே, இளீரி கெளகே!" சுவர் பாழாகிறது, கீழே இறங்கு என்று அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம். நான் ஓடிப்போய், இது என் மாமா, ஹார்பர் பைலட், நாடகத்துக்காக ஏறுகிறார் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்திலெல்லாம் சொன்னேன். "மாமுக்கு லைசென்ஸ் இருக்கு ஆன்ட்டி" என்றாள் ஷபானா. மறுபடி நாங்கள் திரும்பியபோது மாமா மொட்டை மாடிச் சுவரைத் தாண்டி உள்ளே நின்றுகொண்டிருந்தார். எப்படித் தாண்டினார் என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா மட்டும்தான் பார்த்தாள். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம் என்று நினைத்து, "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா" என்று தைரியம் சொன்னேன்.

யாரும் கேட்காமலே மாமா திரும்ப ஏணி வழியாகவே இறங்கினார். இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். சந்தோஷ் அவருக்குப் பின்னாலேயே போய், கேப்டன் சல்யூட் அடிக்க வேண்டுமா கை கொடுக்க வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி ஏணியில் கால் வைக்கப் போவதில்லை என்று மாமா முடிவெடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் என்பதையும், துறைமுக அலுவலகத்தில் மேஜை வேலை கேட்டிருந்தார் என்பதையும், கண்ணை மூடினால் அந்தக் கயிறு அறுவதுதான் தெரிகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார் என்பதையும், நான் கல்லூரிக்குப் போன பிறகு வேறு ஏதோ பேச்சில் அம்மா சொன்னாள். அவர் கடைசிவரை பைலட்டாகவே இருந்துதான் ஓய்வு பெற்றார். இன்றைக்கும் நான் ஏதாவது ஒரு காரியத்தின் பாதியில் பயந்து நிற்கும்போது தொலைபேசியில் கூப்பிடுவது அவரைத்தான். அவர் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை மறுமுனையில் இருப்பார். எனக்குக் கிடைத்தவற்றில் நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

நாடகம் நன்றாக நடந்தது. ஷபானா கட்டணங்களைச் சொன்ன வேகத்தில் கைதட்டல் வாங்கினாள். மேடைமேல் பெஞ்சுகளை அடுக்கிக் கட்டிய கப்பலிலிருந்து எங்கள் ஏணி தொங்கியது. அம்மாவின் நீலப் புடவைதான் கடல். ஏணி ஆடாமல் இருக்க மாமா அந்தப் புடவைக்கு அடியில் படுத்துக்கொண்டு கீழ்ப்பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறும்போது கடலுக்குள்ளிருந்து மயிரடர்ந்த கை ஒன்று வெளியே தெரிந்ததைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சந்தோஷ் சல்யூட் அடித்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். கப்பல் உள்ளே வந்தது. தபால் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரமே மாமா ஊருக்குக் கிளம்பிவிட்டார். வேலையில் சேர வேண்டுமாம். சிட்டி ஸ்டேஷனில் ஒக்கலிபுரம் பக்கத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, நானும் அம்மாவும் பிளாட்பாரம்வரை போனோம். ரயில் வந்து நின்றதும் அவர் பையை உள்ளே வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்கி வந்தார். என் எதிரில் குனிந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் பாப்பா."

எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏணி பிடிக்கும் வேலையை எங்கள் வகுப்பில் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். நான் மிஸ்ஸிடம் சண்டைபோட்டு அதை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். பெரிய மனிதர்கள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள், இவர் மறக்கவில்லை.

"பரவால்ல மாமா" என்றேன். "அடுத்த வருஷமும் உங்களையே சேத்துக்கறேன்."